‘சீசன் முடியட்டும்’ என்றார் நைனா

செஞ்சி கடைத்தெருவில் விதைக் கடை வைத்திருந்த என் நைனா, கணையப் புற்றுநோயால் காலமானார்.

இந்த ஒரு வாக்கியத்தை அச்சுக்குக் கொண்டுவர வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கடைத்தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘உடல்நலக் குறைவால்’ என்று போட்டார்கள். காரியப் பத்திரிகையிலும் அதுவே. இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கும் சித்தப்பா அதையே எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஊருக்கு எதுக்கும்மா இந்தப் பேரெல்லாம்? ஒடம்பு சரியில்லன்னு போட்டா போதாதா?”

போதாது, சித்தப்பா. பெயர் சொல்லாமல் மறைத்துத்தான் நைனாவை இழந்தோம். அதே மறைப்பால் இந்தக் குடும்பத்தில் இன்னொருவரை இழக்க நான் தயாராக இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அதற்காகத்தான். நைனாவின் நல்ல குணங்களையும் எழுதுவேன், அவை நிறையவே இருக்கின்றன. ஆனால் ஓராண்டாகியும் மனம் ஆறவில்லை, கோபமும் சேர்ந்துதான் வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா தொண்டூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நடுப்பிள்ளையாகப் பிறந்தார். மேலே ஓர் அக்கா, அவர்தான் எங்கள் அத்தை. கீழே ஒரு தம்பி, அவர்தான் சித்தப்பா. ஊருக்கு வெளியே சமணர் படுக்கை வெட்டிய பாறையில் படுத்துக்கொண்டுதான் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படித்ததாகச் சொல்வார். தேர்வில் தவறியதற்கு அந்தப் படுக்கையின் குளிர்ச்சியே காரணம் என்றும் சொல்வார். உண்மைக் காரணம் வேறு. அந்த வருஷம் தாத்தா இறந்துவிட்டார், நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் வீட்டில் வருமானம் நின்றது. தம்பி படிக்கட்டும் என்று நைனா அவலூர்பேட்டையில் ஒரு விதைக் கடைக்கு மூட்டை தூக்கப் போனார். அத்தைக்குத் திருமணம் செய்துவைத்தது, சித்தப்பாவைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது எல்லாம் அந்த மூட்டைகள்தான். பிறகு அம்மாவைக் கைப்பிடித்து, செஞ்சியில் சொந்தமாகக் கடை போட்டார். நான் ஒரே மகள்.

கடையில் நைனாவுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. எந்தக் கம்பெனி விதையாக இருந்தாலும், மூட்டை வந்து இறங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைப்பார். முளைத்ததைப் பார்த்த பிறகுதான் விற்பனை. பையின் மேல் முளைப்புத் திறன் அச்சடித்திருக்கிறதே என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள்.

“அது நீங்க போட்டது. இது நான் பாக்கறது. மொளைக்குதா இல்லியான்னு பாக்காம குடுத்தா, வாங்கினு போறவன் ஒரு வெதப்புப் பட்டத்தையே எழந்துடுவான்யா” என்பார்.

சோதித்துப் பார்க்காமல் ஒரு பிடி மல்லாட்டை (நிலக்கடலை) விதையைக்கூட வெளியே விடாத மனிதர் அவர். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம் புரியும்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நைனாவின் கதை புரியாது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மரபியல் ஆராய்ச்சி செய்கிறேன். கணையம் என்ற உறுப்பு கருவில் எப்படி உண்டாகிறது என்பதுதான் என் கேள்வி. இரைப்பைக்குப் பின்னால் முதுகை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு அது. சாப்பாட்டைச் செரிக்க நீர் சுரப்பதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலை. கருவில் அது ஒரே உறுப்பாகப் பிறப்பதில்லை. குடலில் மேலே ஒரு மொட்டு, கீழே ஒரு மொட்டு என்று இரண்டு மொட்டுகள் விடும். கீழ் மொட்டு நகர்ந்து வந்து மேல் மொட்டுடன் சேரும். நீ கணையமாகு, நீ இந்தப் பக்கம் நகரு என்று அந்தச் செல்களுக்கு உத்தரவு போடும் மரபணுக்களை நான் தேடுகிறேன். வளர்ந்தாலும் விரலில் பாதி நீளமே இருக்கும் ஒரு வகை வரி மீனின் குஞ்சில் இதைப் பார்க்கலாம். குஞ்சின் உடம்பு கண்ணாடி போல இருப்பதால், மைக்ராஸ்கோப்பின் கீழே உயிரோடு இருக்கும்போதே இந்தச் சேர்க்கை தெரியும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“மீனுக்குக் கூடவா கணையம் இருக்குது?” என்று கேட்டார்.

“இத்தன வருசமா மீன் கழுவறேன், நான் ஒருநாளும் பாத்ததில்லியே” என்றார் அம்மா, பின்னாலிருந்து.

“நீ கொடலோட சேத்து வழிச்சிப் போட்டுட்டிருப்ப” என்றார் நைனா.

புற்றுநோய்க்கும் உதவும் என்கிறாயே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நைனா கேட்டார். நல்ல கேள்வி. வளர்ந்து ஆளாகித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கணையச் செல், தான் யாரென்பதை மறந்து, கருவில் கேட்ட பழைய உத்தரவுகளை மறுபடியும் கேட்க ஆரம்பிக்கிறது. கருவில் வளரச் சொன்ன அதே உத்தரவைக் கேட்டு வயதான உடம்பில் செல் வளர்ந்தால், அது கட்டி. அதனால் உத்தரவுகளை முதலில் கருவில் புரிந்துகொண்டால், நோயிலும் ஒருநாள் நிறுத்தலாம். ஒருநாள் என்று நான் சொன்னதை நைனா காதில் வாங்கவே இல்லை. மறுநாளே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: “எம் பொண்ணு கணையத்துக்கு டாக்டர்.”

நான் டாக்டர் இல்லை நைனா, மருந்துச் சீட்டு எழுதினால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுது?” என்று அடக்கிவிடுவார். விதை வாங்க வருகிறவர்கள் தங்கள் சர்க்கரை, வயிற்று வலி, வாய்வு எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி, பிறகு வரிசையாக நோயாளிகள். தொண்டூர்க்காரருக்கு ஏப்பம். அவலூர்பேட்டை அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன், டாக்டரைப் பார்க்கச் சொல். அதை நைனா என்ன மாதிரி மருந்தாக மாற்றி அவர்களுக்குக் கொடுத்தாரோ தெரியாது, ஆயுத பூஜைக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய பொரிகடலைப் பொட்டலங்கள் மட்டும் எனக்கு வந்து சேர்ந்தன.

மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதை விற்பனை சூடு பிடித்திருந்த நேரம். ஒரு ஞாயிறு சொன்னார்:

“பாப்பா, அனந்தபுரத்துல ஒரு பார்ட்டி. சாப்ட்டா வயிறு கனமா இருக்குதாம். முதுவுல வலி. குனிஞ்சி உக்காந்தா கொஞ்சம் தேவலையாம்.”

“வயசு இன்னா?”

“என் வயசு இருக்கும்.”

“வெயிட்டு?”

“எறங்குது. சட்டையெல்லாம் லூசாயிடுச்சி. இப்ப புதுசா சக்கரை வேற வந்துட்டுதுன்றாரு.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சாப்பிட்டால் வயிற்றில் கனம், திடீரென்று சர்க்கரை, எடை குறைவு, முதுகு வலி. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் நாங்கள் படிக்கும் புத்தகத்தில் எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

“நைனா, அவர நாளைக்கே வயித்துக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லு. சாதா ஸ்கேன் போதாது. நாளைக்கே.”

“அவ்ளோ சீரியஸா?”

“இருக்கலாம். இல்லாமலும் போலாம். பாத்தாத்தான் தெரியும்.”

அடுத்த ஞாயிறு முதல் கேள்வியே நான்தான் கேட்டேன். “உன் அனந்தபுரம் பார்ட்டி இன்னா ஆனாரு?”

“அவரு எங்க கேக்கறாரு? சீசன் முடியட்டும்ன்றாரு.”

“அந்த ஆளுக்கு மூள கீள இருக்குதா?”

“இல்ல போலிருக்குது” என்று சிரித்தார்.

“நம்பர் குடு, நான் பேசறேன்.”

“அவராண்ட போனு கெடையாது பாப்பா.”

“இந்தக் காலத்துல போன் இல்லாத ஆளா? பொண்டாட்டி, புள்ளைங்க யாரும் இல்லியா?”

“ஒரு பொண்ணு இருக்குது. அது எங்கியோ தூரமா படிக்குது. அதுக்கு டென்ஷன் குடுக்கக் கூடாதுன்றாரு.”

“இவருக்கு இன்னா ஆவுதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாதா? அயோக்கியத்தனம் நைனா இது!” என்று கத்தினேன்.

“சொல்றேன், சொல்றேன்” என்றார்.

மல்லாட்டை முடிந்ததும் நவரை நெல் விதை வந்தது. சீசன் என்பது விதைக் கடையில் முடிவதே இல்லை. இதை நைனாவைவிட நன்றாகத் தெரிந்தவர் செஞ்சியில் யாரும் இல்லை.

பொங்கலுக்கு வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேரே கடைக்குப் போனேன். நைனா முன்னால் கிடந்த நெல் மூட்டைமேல் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். போன வருஷம் எடுத்த சட்டையின் கழுத்துக்குள் நான்கு விரல் போகும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது.

கடையில் வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை.

“அனந்தபுரம் பார்ட்டி நீதானா?”

“கண்டுபுட்சிட்டியா?” என்று சிரித்தார். “ஆராய்ச்சிக்காரியாச்சே.”

அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தையும் அப்படியே எழுதுகிறேன்: “எனக்குன்னு சொல்லியிருந்தா நீ அந்த மீனையெல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருப்ப. அப்புறம் திரும்பிப் போவியா நீ? எனக்கு உன்னத் தெரியாதா?”

வீட்டில் இன்னொரு கூத்து காத்திருந்தது. கண் மஞ்சளானதும் காமாலை என்று முடிவு செய்து, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பில்லாப் பத்தியம் வேறு. அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து பேசி, எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். கீழாநெல்லியின் மேல் எனக்குப் பகை இல்லை. பித்தநீர் இறங்கும் குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு கட்டி வந்து குழாயை நெரித்தால் வருவதும் மஞ்சள்தான். எந்தப் பச்சிலையும் அந்தக் கட்டியைத் தள்ளிவைக்காது. “உங்க அத்தைக்கும் இப்பிடித்தான் காமாலை வந்துச்சி, பத்தியம் ஒழுங்கா இருக்கல, போயிட்டாங்க” என்றார் அம்மா. அத்தை இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒல்லியாகி, முதுகு வலிக்கிறது என்று குனிந்து உட்கார்ந்திருந்த அத்தை என் கண்முன் வந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மாட்டுப் பொங்கலன்று பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அடைப்பை விலக்கச் சிறிய குழாய் வைத்தார்கள், கண் வெளுத்தது, மஞ்சளோடு வந்த அரிப்பும் நின்றது. ஆனால் கணையத்தில் இருந்த கட்டி பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை முடியாது என்றார் டாக்டர். மல்லாட்டை சீசன் தொடங்கியபோது வந்திருந்தால் முடிந்திருக்குமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், “சொல்ல முடியாதும்மா” என்றார். அந்த ‘சொல்ல முடியாது’வோடுதான் ஓராண்டாக வாழ்கிறேன்.

“டாக்டர், எம் பொண்ணும் இதத்தான் படிக்கிறா” என்றார் நைனா, படுக்கையிலிருந்து.

டாக்டர் என் பக்கம் திரும்பி, “அப்படியா, எந்த ஹாஸ்பிடல்?” என்றார்.

“நான் மீன்ல பாக்கறேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “கணையத்துக்கே படிச்சவ நீ, ஒரு மருந்து கூடவா இல்ல?” இல்லை. மீன் குஞ்சில் இரண்டு மொட்டுகள் எப்படிச் சேருகின்றன என்று எனக்குத் தெரியும். நைனாவின் வயிற்றில் இருந்ததற்கு அந்த அறிவால் ஒரு ஸ்பூன் கஞ்சி அளவுக்குக்கூடப் பயன் இல்லை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் ஒன்றே ஒன்றில் என் படிப்பு உதவியது. இந்த நோய் வந்தவருக்கு ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அது எதற்கென்று வீட்டுக்கு விளக்க நான் இருந்தேன். முடிவு வந்தது. நைனாவுக்குப் பிறப்பிலேயே ஒரு மரபணுவில் கோளாறு இருந்திருக்கிறது. பெற்றவரிடமிருந்து வந்தது, அதனால் கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்ற பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருள் இல்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், அதனால் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

“எங்க அப்பன் ஒண்ணுமே வெச்சிட்டுப் போவலன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார் நைனா.

பிறகு சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னார். சித்தப்பா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“டேய், நீயும் புள்ளைங்களும் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்கடா.”

“ணா, இத வெளிய பேசாத. ஊட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குது. இந்தக் குடும்பத்துல இப்பிடி ஒண்ணு ஓடுதுன்னு தெரிஞ்சா எவன் வந்து நிப்பான்?”

அன்றிலிருந்து நைனா பார்க்க வருகிற ஊர்க்காரர்களிடம் அல்சர் என்று சொல்லத் தொடங்கினார். தம்பிக்காக மூட்டை தூக்கியவர், தம்பிக்காகக் கடைசியில் ஒரு பொய்யையும் தூக்கிக்கொண்டார். அது பெருந்தன்மை என்று இந்த மலரில் வேறு யாராவது எழுதலாம். நான் எழுத மாட்டேன்.

கீமோ கொஞ்ச நாள் பிடித்து நிறுத்தியது. சித்திரையில் கடைக்கு வந்து ஈரச் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். வைகாசியில் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஆய்வுக்கூடத்தில் விடுப்பு எடுத்து வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டார். “மீனுங்கள யாரு பாத்துக்கறாங்க?” தோழி பார்த்துக்கொள்கிறாள் என்றேன். “அவளுக்குக் கை சுத்தமா?” என்றார். வலி மருந்தின் மயக்கத்தில் என்னை ஒருநாள் அத்தையின் பெயரால் கூப்பிட்டு, “நீயும் ரத்தம் குடுத்துப் பாத்துக்க அக்கா” என்றார். ஆடிப் பட்டத்துக்கு விதை வந்து இறங்கிய வாரத்தில், அம்மா நெற்றியில் கை வைத்திருக்க, காலை வெயில் ஏறும் முன்பாக அடங்கினார்.

நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு இருக்கிறது.

இதை அச்சில் போடக் கூடாது என்று அம்மா அழுதார்கள். மாப்பிள்ளை வீட்டார் கையில் இந்த மலர் கிடைத்தால் என்ன ஆகும் என்றார்கள். கிடைக்கட்டும். படித்துவிட்டு வருகிறவன் வரட்டும், விட்டு ஓடுகிறவன் இப்போதே ஓடட்டும். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கொள்வேன், முதலாவது நல்லபடியாக வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உயரம், மூக்கு, தொண்டூர்ப் பிடிவாதம் எல்லாம் வந்த வழியில்தான் இதுவும் வந்திருக்கிறது. நான் சொன்னால்தான் மற்றவர்கள் சொல்வார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறையும் பத்தியத்தில் தவறிச் செத்ததாகவே கணக்காகும்.

இனி நன்றி. நைனாவின் வலியைக் குறைத்த பாண்டிச்சேரி மருத்துவர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்த செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். இறுதி ஊர்வலம் கடந்தபோது கடைகளைச் சாத்தி நின்ற செஞ்சி கடைத்தெரு அன்பர்களை நாங்கள் மறக்க மாட்டோம். ஆடி விதைப்பை விட்டுவிட்டு அவலூர்பேட்டையிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வந்து தோள் கொடுத்த விவசாயிகளுக்கும், தொண்டூர் உறவினர்களுக்கும் நன்றி. ஓராண்டாகக் கடையைத் திறந்து நடத்தும் அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள், ஆனாலும் சொல்கிறேன். என் மீன்களைப் பார்த்துக்கொண்ட தோழிக்கும் நன்றி. அவளுக்குக் கை சுத்தம்தான்.

சித்தப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முழுவதையும் முன்னின்று செய்தவர் அவர். போன மாதம் அம்மாவிடம், புதிதாகச் சர்க்கரை வந்திருக்கிறது, நடைப்பயிற்சியில் உடம்பு நன்றாக இளைத்திருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார். கேட்டதிலிருந்து நான் தூங்கவில்லை. பாண்டிச்சேரியில் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றார். நான் விடவில்லை.

“சரி, பாக்கலாம்” என்றார் கடைசியில். “பாக்கலாம்னுதான் சொன்னேன், வரேன்னு சொல்லல. நீ பாட்டுக்கு இத புக்குல கிக்குல போட்டுடாத.”

போட்டுவிட்டேன், சித்தப்பா. தெவசம் முடிந்து வரும் திங்கட்கிழமை காலை, முதல் பாண்டிச்சேரி பஸ். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். தங்கையையும் அழைத்து வாருங்கள். இந்த மலரைப் படித்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் போன் செய்து, போனீர்களா என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்று அவர்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மகள்